புது நூலும் புருஷன் பேரும்

டில்லியில் சக்கரவர்த்திக்குப் பட்டாபிஷேகம் நடந்ததற்கு மறு வருஷம், பாளையங்கோட்டை மராமத்து ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த கிருபைராஜுக்கு அம்பாசமுத்திரத்துக்கு மாற்றல் வந்தது. திங்கட்கிழமை ரயில் ஏற வேண்டும். அவனுடைய துணிமணி மடித்தாயிற்று, பாய் தலையணை சுருட்டியாயிற்று, வற்றலும் கருப்பட்டியும் பொட்டலம் பொட்டலமாகக் கட்டியாயிற்று. பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போகிறானா, விட்டுவிட்டுப் போகிறானா என்பது மட்டும் சனிக்கிழமை விடிந்தும் யாருக்கும் தெரியவில்லை. பெண்டாட்டிக்கே தெரியவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜெபகனி என்று அவள் பேர். கல்யாணமாகி இன்னும் வருஷம் திரும்பவில்லை. திருச்செந்தூருக்குப் பக்கத்தில் செம்மணல் மேடுகளான தேரிக்குள் பனைமரங்களுக்கு நடுவே கிடக்கிற ஊர் ஒன்றிலிருந்து வந்தவள். வேலைக்குச் சளைத்தவள் இல்லை. ஆனால் புருஷனிடம் வாய் திறந்து ஒரு சொல் பேசினாள் என்று சொல்ல அந்தத் தெருவில் சாட்சி கிடையாது. சோறு வேண்டுமா என்று கேட்பதற்கும் கரண்டியைத் தூக்கிக் காட்டுவாள். அவன் வாசலில் கால் வைத்தால் அடுக்களைக்குள் போய்விடுவாள். "ஊமை ஊரைக் கெடுக்கும்" என்று எதிர்வீட்டு இன்பமணி சாடை பேசுகிற அளவுக்குப் போய்விட்டது.

உள்ளே இருந்தது வேறு. அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது. சும்மா இல்லை, பொல்லாத பிடிப்பு. சாப்பிடும்போது எங்கேயோ யோசனையாக ரசத்தில் மோரை ஊற்றிக்கொண்டு அதையும் ரசித்துச் சாப்பிடுகிற மனுஷன் அவன். குளிக்கும்போது ஞானப்பாட்டைத் தப்பும் தவறுமாகப் பாடுவான். அடுப்பில் ஈர விறகு புகைந்தால், கேட்காமலே வந்து ஊதிவிட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டு போவான். இப்பேர்ப்பட்டவன் தன்னை மாமியாரோடு விட்டுவிட்டு ஆற்றைப் பார்த்துக்கொண்டு ஒற்றையாய் உட்கார்ந்திருக்கப் போகிறான் என்று நினைத்தால் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கூடப் போக வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. வீடு எப்படி இருந்தால் என்ன, கூரை ஒழுகினால் என்ன.

கேட்க வேண்டியதுதானே என்பீர்கள். கேட்பதென்றால் முதலில் கூப்பிட வேண்டுமே. அங்கேதான் வந்தது வினை.

தேரிக்காட்டில் புருஷன் பேரைப் பெண்டாட்டி சொல்லக்கூடாது. வேதத்துக்கு வந்து தலைமுறை ஆகியும் அந்தப் பழக்கம் ஞானஸ்நானத் தண்ணீரில் கரையவில்லை. சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும். பேரை மட்டுமல்ல, பேரில் பாதியைச் சொன்னாலும் தோஷம். ஜெபகனியின் அப்பா பேர் தேவசிகாமணி. அதனால் அவள் அம்மா வாயில் "மணி" வராது. கோயில் மணி அடித்தால் "கோயில்ல தட்டியாச்சு" என்பாள். நேரம் கேட்க வேண்டுமென்றால் "எத்தனை அடிச்சிருக்கு?" என்பாள். கழுத்தில் கிடக்கிற பாசிமணி அவளுக்கு வெறும் பாசிதான். அப்பா நல்ல ஆயுசோடுதான் இருந்தார், அது வேறு கதை.

அந்தத் தாய்க்குப் பிறந்த பெண்ணுக்குக் கிருபைராஜ் என்று ஒரு புருஷன் வாய்த்தால் என்ன செய்வாள்? கிறிஸ்தவ வீட்டில் கிருபை இல்லாமல் பொழுது விடியுமா, அடையுமா? காலை ஜெபத்தில் கிருபை, மாலை ஜெபத்தில் கிருபை, கோயிலில் பாதிரி ஐயர் கை தூக்கி ஆசீர்வாதம் சொன்னால் முதலில் வருவதே கிருபை. வரிக்கு வரி கிருபை வரும் சங்கீதம் ஒன்று உண்டு. அதை வாசிக்கிற நாளில் ஜெபகனி பாடு படு திண்டாட்டம். அந்தச் சொல் வரும்போதெல்லாம் ஒரு இருமல் இருமுவாள், இல்லையென்றால் வாயை இறுக்கி மூடிக்கொள்வாள். தனியாக ஜெபம் பண்ணும்போது "ஆண்டவரே, உம்முடைய தயவால்" என்று மாற்றிக்கொள்வாள். ஆண்டவர் புரிந்துகொள்வார் என்று அவளுக்கு நம்பிக்கை இருந்தது.

மாமியார் சாரம்மாளுக்குத்தான் இது புரியவில்லை. சாரம்மாள் மிஸ்ஸியம்மாமார் நடத்திய பள்ளிக்கூடத்தில் தங்கிப் படித்தவள். அங்கே வெள்ளைக்கார அம்மாமார் தங்கள் புருஷன்மாரைப் பேர் சொல்லிப் பேசுவதைக் கேட்டுக் கேட்டு, அவளும் உபதேசியாராக இருந்த தன் புருஷனை "வேதநாயகம் வந்தாச்சா? வேதநாயகம் சாப்பிட்டாச்சா?" என்றே கேட்டுப் பழகியவள். அவர் காலமாகி வருஷம் பல ஆகியும் இன்றைக்கும் அப்படித்தான் பேசுவாள். பேர் சொல்லாத வழக்கம் ஒன்று இருக்கிறது என்பதே அந்த வீட்டுக்கு மறந்து போயிருந்தது. மருமகள் ஜெபத்தில் இருமுவதைப் பார்த்துவிட்டு, மனப்பாடம் வராத பெண் என்று முடிவு கட்டிவிட்டாள்.

மாற்றல் உத்தரவு வந்ததும் சாரம்மாள் சொன்னது ஒன்றே ஒன்று. "அவ இங்கன இருக்கட்டும். பொறவு பாப்போம்." கிருபைராஜ் "சரிம்மா" என்று சொல்லிவிட்டு ஆபீஸுக்குப் போய்விட்டான். அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஜெபகனிக்கு அந்தச் "சரிம்மா" நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

இப்படி இருக்கையில்தான் சனிக்கிழமை காலை மதராஸிலிருந்து தபால் பார்சல் வந்தது.

கிருபைராஜுக்கு மீன் பைத்தியம். முன்பு இருந்த எஞ்சினீயர் துரை சீமைக்குப் போகும்போது தன் பழைய தூண்டில் கழிகளையும் இரண்டு பித்தளை ரீல்களையும் அவனுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ரீல் என்றால் கைப்பிடி வைத்த சின்ன உருளை. அதற்குள் நூல் சுற்றியிருக்கும். மீன் இழுத்தால் கிறுகிறுவென்று சத்தம் போட்டுக்கொண்டு நூலை விடும். சாரம்மாள் அதை "ராட்டு" என்பாள். துரை காலத்து நூல் உளுத்துப்போய், கொக்கிரகுளத்துப் பாலத்தடியில் ஒரு பெரிய வாளை மீன் அதை வாழைநாராக அறுத்துக்கொண்டு போனது. அன்றிலிருந்து புது நூலுக்கு எழுதிப் போட்டுவிட்டு, தபால்காரனைக் காணும்போதெல்லாம் எழுந்து எழுந்து பார்த்தான். அம்பாசமுத்திரத்தில் ஆபீஸுக்குக் கூப்பிடு தூரத்தில் ஆறு. நூல் இல்லாமல் போய் என்ன பண்ணுவது?

பார்சலைப் பிரித்தான். பாசி நிறத்தில் பட்டு நூல், வளையம் வளையமாகக் கட்டி வந்திருந்தது. இதை ரீலில் ஏற்ற ஒரு ஆள் போதாது. ஒருவர் நூலை விரலுக்கு நடுவே பிடித்து விறைப்பாக விட வேண்டும், ஒருவர் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். லேசாக ஏறிய நூல் அடி நூலுக்குள் புதைந்துகொள்ளும். மீன் இழுக்கிற நேரத்தில் சிக்கும், அத்தோடு மீனும் போச்சு நூலும் போச்சு. சாரம்மாளுக்கு விரல் முட்டியெல்லாம் வாதம். அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். அடுக்களை வாசலில் ஜெபகனி நின்றாள்.

"நீ கொஞ்சம் வந்து புடிக்கியா?" என்றான்.

அவள் தலையை ஆட்டினாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். இந்த வேலை முடிகிற மட்டும் அவன் எழுந்து போக முடியாது. கேட்பதென்றால் இதுதான் சமயம் என்று அவளுக்குத் தெரிந்தது.

முதலில் சின்ன ரீல். ஒரு முக்காலியைக் கவிழ்த்து வைத்து, அதன் கால்களைச் சுற்றி நூல் வளையத்தை மாட்டினான். நூல் ஈரத் துணி வழியாக ஜெபகனியின் விரல்களுக்குள் புகுந்து அவன் கையில் இருந்த ரீலுக்குப் போயிற்று. அவன் சுற்ற ஆரம்பித்தான்.

"பைய விடு. இன்னும் கொஞ்சம் இறுக்கிப் புடி. ம், அப்படித்தான்."

அவள் பிடித்தாள். "என்னையும் கூட்டிட்டுப் போங்க" என்ற மூன்று சொல்லை மனசுக்குள் கோத்து வைத்துக்கொண்டாள். இந்தச் சுற்று முடிந்ததும் சொல்லிவிடுவோம் என்று நினைப்பாள். அதற்குள் அடுத்த சுற்று வந்துவிடும். அவன் நிமிர்ந்து பார்த்தால் குனிந்துகொள்வாள், குனிந்தால் நிமிர்ந்து பார்ப்பாள். அவனும் ஏதோ சொல்ல வாயெடுப்பதும், பிறகு எண்ணெய் விடுவதுபோல ரீலைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுமாக இருந்தான். இரண்டு கழுதைகள். வேறென்ன சொல்ல? நூல் ஏறி முடிந்தது, ஒரு சொல்லும் இறங்கவில்லை.

"நல்லாப் புடிக்கே" என்றான் அவன்.

அவள் "ம்" என்றாள்.

அடுத்தது பெரிய ரீல். இதில்தான் தலைவலி. பட்டு நூல் மட்டும் ஏற்றினால் உருளை நிறையாது. அடியில் பருத்திக் கயிறு கொஞ்சம் சுற்றி, அதன்மேல் பட்டு நூலை ஏற்ற வேண்டும். அடியில் எவ்வளவு சுற்றுவது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே முதலில் பட்டு நூலை ஏற்றி, அதன்மேல் விளிம்பு நிறைகிற வரைக்கும் பருத்தியைச் சுற்றி, பிறகு எல்லாவற்றையும் உருவி நீளமாகக் கட்டி, தலைகீழாகத் திரும்ப ஏற்ற வேண்டும். துரை அப்படித்தான் செய்வாராம். அவர்களும் பட்டு நூலை ஏற்றி, மேலே பருத்தியையும் விளிம்பு வரைக்கும் சுற்றி முடித்தார்கள்.

"இறக்கதுக்காலே ஏத்துதிய?" என்று கேட்டாள் சாரம்மாள், கீரை ஆய்ந்துகொண்டே. "இந்த மெனக்கேட்டுக்குக் கடைத்தெருவுக்குப் போனா மீனே வாங்கிட்டு வந்திரலாம்."

"ஒனக்குத் தெரியாதும்மா."

"எனக்கு எதுதான் தெரியும்" என்று சொல்லிவிட்டு அவள் கீரையில் கண்ணை வைத்துக்கொண்டாள்.

உருவிக் கட்ட வீட்டுக்குள் இடம் ஏது? வீட்டின் பின்வாசலிலிருந்து ஒரு சந்து நேராகப் பாளையங்காலுக்கு இறங்குகிறது. பாளையங்கால் என்பது ஆற்றுத் தண்ணீர் வருகிற கால்வாய். கரையில் ஒரு பூவரசமரம். கிருபைராஜ் பருத்தியின் முனையைப் பின்வாசல் தூணில் கட்டினான். ரீலைக் கையில் பிடித்து நூலை விட்டுக்கொண்டே சந்தில் நடந்தான். பூவரசுவரைக்கும் போய்ப் பட்டின் முனையை மரத்தில் கட்டினான். வெறும் ரீலோடு திரும்பி வந்து பருத்தி முனையைத் தூணிலிருந்து அவிழ்த்து ரீலில் முடிந்து, தொய்ந்து கிடந்த கயிற்றைப் பல சுற்று ஏற்றினான். அதை ஜெபகனியின் கையில் வைத்தான்.

"நான் அந்த முனையைப் புடிச்சிட்டு, நீ சுத்தச் சுத்த இங்கன நடந்து வாரேன். நான் கையைத் தூக்கிக் காட்டுனதும் சுத்த ஆரம்பி. என்ன?"

அவள் தலையை ஆட்டினாள். அவன் போகாமல் ஒரு நிமிஷம் நின்றான். "அங்கன ஆத்துல தண்ணி கண்ணாடி கணக்கா ஓடுமாம்" என்றான். பிறகு, "ஒனக்கு அதெல்லாம் எதுக்கு" என்று தனக்குத்தானே முனகிக்கொண்டு நடந்துவிட்டான்.

எனக்கு எதுக்கா? ஜெபகனிக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குத்தான், எனக்குத்தான் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை. கையில் ரீலைப் பிடித்துக்கொண்டு அவன் முதுகைப் பார்த்தபடி நின்றாள்.

அவன் பூவரசடிக்குப் போனான். முடிச்சை அவிழ்த்தான். நூல் நழுவாமல் இருப்பதற்காக முனையை வலது கை விரல்களில் சுற்றிக்கொண்டான். மீன் பிடிக்கிற எந்தச் சின்னப் பிள்ளையும் செய்யாத காரியம் அது. எழுத்து வேலைக்காரனின் சோறு போடுகிற விரல்கள் அவை. சுற்றியவன் கையைத் தூக்கிக் காட்டியிருக்கலாம். அந்த நேரம் பார்த்துக் கால்வாயில் விரால் ஒன்று மேலே வந்து வாய் வைத்துவிட்டுப் போனது. அவ்வளவுதான், மனுஷனுக்கு உலகம் மறந்துபோயிற்று. முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீரையே பார்த்து நின்றுவிட்டான்.

சந்துக்குக் குறுக்கே இன்னொரு சந்து போகிறது. அதிலிருந்து இரண்டு கொம்புகள் நீட்டின. பிறகு இன்னும் இரண்டு. சங்கிலிபூதத்தான் என்ற வண்டிக்காரன் தச்சநல்லூரில் பருத்தி மூட்டையை இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு வருகிறான். வெயிலில் வந்த மாடுகள். தண்ணீரைக் கண்ட மாடு வண்டிக்காரன் சொல்லைக் கேட்குமா? ஓட்டமும் நடையுமாகக் கால்வாய்ப் பக்கம் திரும்பின. குறுக்கே இடுப்பு உயரத்தில் பாசி நிறத்தில் ஒரு நூல் இருப்பது அவன் கண்ணுக்கும் தெரியாது, மாட்டின் கண்ணுக்கும் தெரியாது. மாடு நூலில் மோதினால் இந்தப் பக்கம் ரீல் சுழன்று விட்டுக் கொடுக்கும். அந்தப் பக்கம் விட்டுக் கொடுக்க விரல்தான் இருக்கிறது.

ஜெபகனி இதைப் பார்த்துவிட்டாள்.

"ஏங்க" என்று கத்தினாள்.

வண்டிக்காரன் சங்கிலிபூதத்தான் திரும்பிப் பார்த்து, "என்ன தாயி?" என்றான். கால்வாயில் துணி அலசிக்கொண்டிருந்த ஒருவன் நிமிர்ந்து தன் பெண்டாட்டியைத் தேடினான். எதிர்வீட்டுக்குள்ளிருந்து இன்பமணியின் புருஷன், "இந்தா வாரேன்" என்றார். தெருவில் எத்தனை "ஏங்க" இருக்கிறது, எந்த "ஏங்க" எவனுக்கு என்று யார் கண்டது? திரும்ப வேண்டியவன் மட்டும் திரும்பவில்லை. அவன் விராலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இங்கன பாருங்க" என்றாள். பார்க்கவில்லை.

மாடுகள் நூலை நெருங்கிவிட்டன. வண்டிக்காரன் கயிற்றை இழுக்கிறான், அவை கேட்கவில்லை. சொன்னால் ஆயுசு குறையும். சொல்லாவிட்டால் விரல் போகும். அவள் யோசித்தாள் என்று சொன்னால் பொய். வாய் தானாகத் திறந்துகொண்டது.

"கிருபை! ஏ கிருபைராஜு! நூலை விடு!"

அந்தக் குரல் எங்கே இருந்தது இத்தனை மாசமும் என்று தெரியவில்லை. தேரிக்காட்டில் பனை உச்சியில் இருக்கிறவனைக் கீழேயிருந்து கூப்பிடுகிற குரல் அது. பூவரசில் இருந்த காக்கைகள் எழும்பிப் பறந்தன. கிருபைராஜ் தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினான். மாட்டைப் பார்த்தான், நூலைப் பார்த்தான், கையை உதறினான். ஒரு சுற்று கழன்றது, இன்னொரு சுற்றும் கழன்றது. கடைசிச் சுற்று ஆள்காட்டி விரலைக் கீறிக்கொண்டு ஓடியது. அந்தக் கணமே மாடுகள் நூலை நெஞ்சோடு தள்ளிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கின. ஜெபகனியின் கையில் ரீல் கிறுகிறுவென்று அலறியது. அவள் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மாடுகள் குனிந்து தண்ணீர் குடித்தன. சங்கிலிபூதத்தான் இறங்கி ஓடி வந்தான். "ஐயா, எனக்குத் தெரியாது ஐயா. இப்படிக் குறுக்க கட்டுனா நான் என்னத்தைக் கண்டேன்?" என்று அவன் பதறினான். கிருபைராஜ் விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே, "ஓன் மேல தப்பில்ல, போ" என்றான். இரண்டு பேருமாக மாட்டின் கொம்பிலிருந்து நூலை எடுத்தார்கள். சேறாகியிருந்தது, அறுபடவில்லை.

இதற்குள் தெருவே பின்வாசல்களுக்கு வந்துவிட்டது. முதலில் வந்தவள் இன்பமணி. "கேட்டியளா அநியாயத்தை" என்றாள், எல்லோருக்கும் பொதுவாக. "புருசனைப் பேரு சொல்லிக் கூப்பிட்டது மட்டுமில்ல, விடுங்கா, எடுங்கா. ஏலம் போடுத மாதிரில்லா கூப்பிடுதா."

ஜெபகனி நின்ற இடத்தில் கல்லாய் நின்றாள். தன் வாயாலேயே அவன் ஆயுசைக் குறைத்துவிட்டோம் என்று ஒரு பயம். இனி திங்கட்கிழமையைப் பற்றிக் கேட்கவே வழியில்லை என்று இன்னொரு பயம். இப்படி மரியாதை கெட்டவளை எவன் கூட்டிக்கொண்டு போவான்?

சாரம்மாள் கீரைக் கையோடு வந்தாள். மகன் விரலைப் பார்த்தாள், மருமகள் முகத்தைப் பார்த்தாள், சேறான நூலைப் பார்த்தாள். பிறகு இன்பமணியிடம் திரும்பினாள்.

"ஏன், நான் வேதநாயகம் வேதநாயகம்னு கூப்பிட்டுத்தானே குடும்பம் நடத்துனேன். அப்பம் ஒனக்குக் காது கேக்கலையா? விரலு போயிருந்தா நீ வந்து ஆபீசுல எழுதுவியா?"

சாரம்மாள் அத்தோடு விடவில்லை, மருமகளைப் பார்த்து வியந்தாள். "ஏட்டி, ஒனக்கு இவ்வளவு சத்தம் இருக்கா? பொறவு ஏன் ஜெபத்துல கிருபை வந்தா மட்டும் வாயை மூடிக்கிடுதே?"

கிருபைராஜ் நூலைத் தோளில் அள்ளிப் போட்டுக்கொண்டு அப்போதுதான் வந்து சேர்ந்தான். அந்தக் கேள்வி அவன் காதில் விழுந்ததும் நின்றுவிட்டான். அவனும் அதைத்தான் கேட்க வேண்டும்போல இருந்தது. முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

ஜெபகனி குனிந்தபடியே மாமியாருக்குப் பதில் சொன்னாள். "அது அவிய பேருல்லா அத்தை. புருசன் பேரை வாயில எடுக்கலாமா? எங்க ஊருல எடுக்க மாட்டோம். ஆயுசு கொறஞ்சிரும்."

தண்ணீர் குடித்து முடித்த மாடு மூக்கால் ஒரு மூச்சு விட்டது.

"அதுக்காகவா?" என்றான் கிருபைராஜ். "சாயங்கால ஜெபத்துல, தினம், அந்தச் சொல்லு வரும்போதெல்லாம் நீ பல்லைக் கடிச்சிட்டு இருப்பே. நான் பாத்துட்டே இருப்பேன். என் பேரைச் சொல்லக்கூட ஒனக்குப் புடிக்கலைன்னு நெனச்சேன். எங்கிட்ட ஒரு வார்த்தை பேசவும் மாட்டே. வீட்டுல கட்டாயப்படுத்திக் கட்டி வச்சிட்டாங்க போலன்னு நெனச்சேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இப்படி ஒன்றை அவள் கனவிலும் நினைத்ததில்லை. புருஷன் ஆயுசுக்காக வாயைக் கட்டிக்கொண்டு கிடந்தால், அவன் அதை வெறுப்பு என்று எழுதி வைத்துக்கொண்டானா? அவளுக்கு ஆத்திரமும் வந்தது, அவன் மேல் பாவமாகவும் இருந்தது.

"அதுக்காகத்தான் சரிம்மான்னு சொன்னியளா?" என்று கேட்டாள். அவனிடம் அவள் நேராகக் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"எது?"

"அத்தை என்னை இங்கன இருக்கட்டும்னு சொன்னதுக்கு."

கிருபைராஜ் தலையைச் சொறிந்தான். சொறிந்த கையிலிருந்து ரத்தம் நெற்றியில் ஒட்டியது. "பின்ன என்ன செய்ய? புடிக்காதவளைக் கூட்டிட்டுப் போயி, யாருமில்லாத ஊருல ஒத்த அறையில அடைச்சு வைக்கவா? அது பாவமில்லையா?"

"நானும் அதுக்குத்தான்லே சொன்னேன்" என்றாள் சாரம்மாள். "ரெண்டு பேரும் மொகத்தை மொகம் பாக்க மாட்டிய. அங்கன போயி ஆளுக்கொரு மூலையில உக்காந்தா நடுவுல பேச யாரு இருக்கா? இங்கன இருந்தாலாவது நான் இருக்கேன். அப்படித்தான் நெனச்சேன். அவ மேல எனக்கு என்ன பொல்லாப்பு?"

மூன்று பேரும் ஒருவர் நல்லதை ஒருவர் நினைத்து, மூன்று பேரும் மாசக்கணக்காக வாடியிருக்கிறார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? சங்கிலிபூதத்தான்கூட மாட்டை மறந்துவிட்டு நின்று கேட்டுக்கொண்டிருந்தான். பேர் சொல்லாத வழக்கம் அவன் வீட்டிலும் உண்டு. "எங்க வீட்டுக்காரியும் பூதம்னு சொல்ல மாட்டா ஐயா" என்றான். "எங்க ஊரு பூதத்தான் கோயிலுக்குப் போனா, அங்கன இருக்கிற பெரியவருன்னுதான் சொல்லுவா." யாரோ சிரித்தார்கள். சந்தில் எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இன்பமணியும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

கிருபைராஜ் மட்டும் சிரிக்கவில்லை. ஜெபகனிக்கு முன்னால் வந்து நின்றான். தோளிலிருந்து சேற்று நூல் ஒழுகி, அவன் வெள்ளைச் சட்டை பாழாகிக்கொண்டிருந்தது.

"நீ வாரியா?" என்றான். மற்றவர்களுக்குக் கேட்கக் கூடாது என்று நினைத்துத்தான் கேட்டான். தெரு முழுக்கக் கேட்டது.

ஜெபகனி வழக்கம்போலத் தலையை ஆட்டப் போனாள். சாரம்மாள் குறுக்கே வந்தாள்.

"தலையாட்டுனா நான் ஒத்துக்கிட மாட்டேன். தலையாட்டித் தலையாட்டித்தான் இவ்வளவும் ஆச்சு. ஒத்த அறை, தெரிஞ்ச சனம் கிடையாது, இவன் பொழுதனைக்கும் ஆத்துல கிடப்பான். எல்லாத்தையும் யோசிச்சுக்கோ. போறியா, இருக்கியா? ஓன் வாயால சொல்லு."

ஜெபகனி மாமியாரைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். வாசல் வாசலாக நின்ற கூட்டத்தையும் ஒருமுறை பார்த்தாள். மனசுக்குள் கோத்து வைத்திருந்த மூன்று சொல் இப்போது நினைவுக்கு வரவில்லை. வேறு சொல்தான் வந்தது.

"போவேன் அத்தை" என்றாள். "அவிய வேண்டாம்னு சொன்னாலும் போவேன்."

கிருபைராஜின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். ஆற்றில் இருக்கிற அத்தனை மீனும் ஒரே நாளில் தூண்டிலில் விழுந்தாலும் அவன் முகம் அப்படி ஆகியிருக்காது. என்ன செய்வதென்று தெரியாமல் தோளில் கிடந்த நூலை எடுத்துச் சேற்றைத் துடைக்க ஆரம்பித்தான். துடைக்கத் துடைக்கச் சேறு சட்டையில்தான் ஏறிற்று.

சாரம்மாள் கீரைக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். ஒற்றை மகனும் போகிறான், இப்போதுதான் பேசக் கற்றுக்கொண்ட மருமகளும் போகிறாள். அவள் அதைக் காட்டிக்கொள்ளவில்லை. "கேட்டாச்சுல்லா, எல்லாரும் அவிய அவிய வீட்டுக்குப் போங்க" என்று தெருவை விரட்டினாள். பிறகு மருமகளின் கையிலிருந்த ரீலை வாங்கி மகனிடம் கொடுத்துவிட்டு, அதட்டலாகச் சொன்னாள்:

"நின்னுட்டே இருந்தா எப்படி? நாளைக்கு ஓய்வு நாளு, ஒரு வேலையும் செய்ய முடியாது. ஓன் சேலை துணியெல்லாம் எடுத்துட்டு வா. இப்பமே பெட்டியைக் கெட்டிருவோம்."

"கெட்டியாச்சு அத்தை" என்றாள் ஜெபகனி. "மாத்தல் உத்தரவு வந்த அன்னைக்கே கெட்டி, கட்டிலுக்கு அடியில வச்சிருக்கேன்."